ஒரே கட்டத்தில் மூன்று முகவரிகள்

கப்பலில் தீப்பிடித்த செய்தி ஜோஸ்லினுக்குத் தூத்துக்குடியிலிருந்துதான் முதலில் வந்தது. அவள் அண்ணன் ரொனால்ட் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருப்பவரின் மனைவி போன் செய்திருந்தாள். கம்பெனியில் யாரும் போனை எடுப்பதில்லை, இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்கள், அதில் பதிந்த குடும்பத்தாருக்கு மட்டும் மெயிலில் தகவல் வருமாம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவர்கள் வீடு இருக்கும் வெள்ளக்கடையில் மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் நிற்காது. ஜோஸ்லின் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் வாட்ச்மேனிடம் சொல்லித் திறக்கச் செய்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா மரியதாஸ் நனைந்த ஸ்வெட்டரோடு பக்கத்து நாற்காலியில் இருந்தார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

அண்ணன் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தடையில்லாமல் ஏறின. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. தகவல் பெற வேண்டியவர்களின் மெயில் முகவரிகளை இதில் எழுதவும், ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் கமா போடவும் என்று அதன் தலைமேல் எழுதியிருந்தது. ஜோஸ்லின் அப்பாவின் முகவரி, தன் முகவரி, அண்ணி சிவரஞ்சனியின் முகவரி மூன்றையும் கமா போட்டு எழுதி அழுத்தினாள். கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. ‘சரியான மின்னஞ்சல் முகவரியை எழுதவும்.’

எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். தப்பில்லை. கமாவுக்குப் பின்னால் இருந்த இடைவெளியை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு. கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வைத்தாள். சிவப்பு. அப்பாவின் முகவரியை மட்டும் வைத்தால் பச்சையில் டிக் விழுந்தது. அண்ணியுடையதை மட்டும் வைத்தாலும் பச்சைதான். தனித்தனியே எல்லாம் சரி, சேர்ந்தால் தப்பு. கட்டத்துக்கு மேலே கமா போடச் சொல்லி எழுதியவர் ஒருவர், உள்ளே விழுவதைச் சோதிக்கும் புரோகிராமை எழுதியவர் இன்னொருவர், இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் புரோகிராம் மொத்த வரியையும் ஒரே முகவரியாகத்தான் படிக்கிறது. புரிந்து என்ன, அதை எழுதியவனை எங்கே போய்ப் பிடிப்பது?

பக்கத்தின் அடியில் இருந்த உதவி எண்ணுக்கு அடித்தாள். நெடுநேரம் பாட்டு ஓடியபின் ஒரு பெண் எடுத்தாள். கமா போட்டு எழுதுங்கள் மேடம் என்றாள். போட்டேன் என்றதற்கு, வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள் என்றாள். அதுவும் ஆகவில்லை என்றபோது, அப்படியானால் ஒரு முகவரியை மட்டும் கொடுங்கள், மற்றவர்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கனிவாகவே சொல்லி வைத்துவிட்டாள்.

யாருடையதைக் கொடுப்பது? அதில்தான் ஜோஸ்லினின் கை நின்றது. காலையிலேயே குப்பனூர்த் தாய்வீட்டிலிருந்து சிவரஞ்சனி கூப்பிட்டிருந்தாள்.

“கண்ணு, எனக்கு நேரா வர மாதிரிப் போட்டுரு. உங்க ஊட்டு வழியா எனக்கு எந்தச் சேதியும் வந்ததில்ல.”

அது உண்மை. போன வருஷம் ஏதோ ஒரு துறைமுகத்தில் ரொனால்டின் கை மெஷினில் சிக்கி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மா ஞானசுந்தரி மருமகளிடம் மூச்சு விடக் கூடாது என்று வீட்டிலுள்ளவர்கள் வாயைக் கட்டிப்போட்டாள். கட்டுப் பிரித்த கையோடு புருஷன் வந்து நின்றபோதுதான் சிவரஞ்சனிக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையிறங்கித் தாய்வீடு போனவள், திரும்பவில்லை. கட்டாயம் போடுகிறேன் அண்ணி என்று ஜோஸ்லின் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மாவும் வாசலில் நின்று, எதுவானாலும் பெத்தவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். அவர் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குச் சரின்னு படறதப் போடு சாமி,” என்றார்.

தன் முகவரியையே போட்டாள். வருவதை உடனே எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் யாருக்கும் குறையிருக்காது என்று நினைத்தாள். பதிவு ஏற்கப்பட்டது என்று வந்தது. உடனே இன்னொரு முறை திறந்து அண்ணிக்குத் தனியாகப் பதியப் பார்த்தாள். இந்தப் பாஸ்போர்ட் எண் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது என்று கதவடைத்துவிட்டது. சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்ன இடம் பக்கத்தில் எங்கேயும் இல்லை. மறுபடி அடித்தபோது பாட்டு மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.

மறுநாள் அவள் அலுவலகத்தில் இருக்கும்போது மெயில் வந்தது. அதில் சேதி இல்லை, ஒரு லிங்க் மட்டும் இருந்தது. தொட்டதும் அவள் முகவரிக்கு ஒரு எண் அனுப்பி, அதைப் போட்ட பிறகே திறந்தது. மீட்கப்பட்டவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. தூத்துக்குடி அம்மாளின் புருஷன் பெயர் அதில் இருந்தது. ரொனால்டின் பெயர் கீழே, தனியாக, இன்னும் மூன்று பேரோடு இருந்தது. காணவில்லை, தேடுதல் நடக்கிறது.

அவள் முதலில் செய்தது, கொடுத்த வாக்கை நினைத்து மெயிலை அப்படியே சிவரஞ்சனிக்கு அனுப்பியதுதான். சற்று நேரத்தில் போன் அடித்தது.

“தொறக்க மாட்டேங்குது கண்ணு. நம்பர் கேக்குது. எனக்கு நம்பர் வரல.”

“அந்த நம்பர் எனக்குத்தாங்க அண்ணி வரும்.”

மறுமுனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

“அப்ப நீயே சொல்லிரு. என்ன போட்டிருக்குது?”

சேதி போய்ச் சேர வேண்டும் என்றுதான் நேற்றெல்லாம் ஜோஸ்லின் அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டினாள். அதைத் தன் வாயால் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கவேயில்லை. மீட்கப்பட்டவர்களில் அண்ணன் பெயர் இல்லை, தேடுகிறார்கள் என்று சொன்னாள். சிவரஞ்சனி அழவில்லை. சரி என்றாள். மாலையில் குப்பனூர் வழியாக வரும் பஸ்ஸில் ஏறி, ஒரு கைப்பையோடு வெள்ளக்கடை வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஞானசுந்தரி அவளைப் பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எழுந்து பாயை விரித்துப் போட்டாள்.

அதன்பின் நாலு பேரும் ஜோஸ்லினின் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிக்னல் நிற்கும் ஜன்னலோரத்தில் அதை வைத்திருந்தார்கள். மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. எதற்கோ போன் ஒலித்தால் ஞானசுந்தரி ஜெபமாலையை நிறுத்துவாள், விளம்பரம் என்று தெரிந்ததும் மறுபடி உருட்டுவாள். சிவரஞ்சனி வாசல் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜோஸ்லின் வேலைக்கும் போகவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு குளிக்கப் போகக்கூட முடியவில்லை, மூன்று பேர் கண்ணும் கூடவே வந்தன.

வியாழக்கிழமை அடுத்த மெயில் வந்தது. இந்த முறை ஜோஸ்லின் யாருக்கும் அனுப்பவில்லை. எண்ணைப் போட்டுத் திறந்து, மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். கடல் கொந்தளிப்பாலும் நாட்கள் கடந்துவிட்டதாலும் தேடுதல் சஸ்பெண்ட் செய்யப்படுகிறது, குடும்பத்தாரின் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று இருந்தது.

மரியதாஸ் அந்த ஒரு சொல்லை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

“நிறுத்திட்டோம்னு போடல பாத்தியா, சஸ்பெண்டுன்னுதான் போட்டிருக்கான்,” என்றார். “எஸ்டேட்ல சஸ்பெண்ட் பண்ணுன ஆளுங்கள்ல எத்தன பேரத் திரும்ப வேலைக்கு எடுத்திருக்கோம்.”

சிவரஞ்சனி மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

“ஏனுங்க மாமா, அவங்கள எல்லாம் எத்தன நாள்ல எடுப்பீங்க?” என்று கேட்டாள்.

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.