எல்லாரும் உட்காருங்க!

தைவானின் தைனான் நகரத்துப் பழச்சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பெய்-ரூவின் வீட்டு முன்கூடத்தில் மாலை வேளைகளில் நடன வகுப்பு நடக்கும். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். பிறகு மீன்கடைப் பெண்கள், சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் சியூ-மான், பல் மருத்துவர் லின் என்று கூடம் நிரம்பி வழிந்தது. புத்தாண்டுக்கு எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு வைஃபை ஸ்பீக்கர் பரிசளித்தார்கள். ஒயர் செருக ஓர் ஓட்டைகூட இல்லாத பளபளப்பான உருண்டை.

அதோடு பிடித்தது சனி. பாட்டு ஜோராகத் தொடங்கும். எல்லாரும் ஒரு காலைத் தூக்கிச் சுழலும் நேரம் பார்த்துப் பொசுக்கென்று நின்றுவிடும்.

"டீச்சர், நாம பழகறது டான்ஸா, சிலை விளையாட்டா?" என்று கேட்பாள் சியூ-மான், தூக்கிய காலை இறக்காமலே.

பெய்-ரூ இணைய நிறுவனத்து ஆளை வரவழைத்தாள். அவன் மதியம் வந்து, வெறும் கூடத்தில் பாட்டைப் போட்டான். ஒரு விக்கல் இல்லாமல் பாடியது. "ஒரு குறையும் இல்லக்கா" என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். அன்று மாலையே பாட்டு நின்றது. ரூட்டரை அணைத்துப் போட்டாள். மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். கணவர் க்வோ-சுவானின் டிவியையும் நிறுத்திப் பார்த்தாள்.

"பேஸ்பால் பாத்துக்கிட்டிருக்கேன், அதுவும் உனக்குப் பொறுக்கலையா?" என்றார் அவர்.

கோயில் திருவிழாவில் ஆட ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாள் நெருங்கியது. இரண்டு பேர் பூங்காவில் நடக்கும் வேறு வகுப்புக்குப் போய்விட்டதாகப் பெய்-ரூ கேள்விப்பட்டாள். யாரும் ஸ்பீக்கரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கொடுத்த பரிசாயிற்றே. தன்னைத்தான் சொல்வார்கள்.

அடுத்த வகுப்பிலும் நடுப்பாட்டில் சத்தம் போனது. அவள் மனம் விட்டுப்போனது.

"சரி, எல்லாரும் உட்காருங்க. தண்ணி குடிங்க."

தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் தொடாமலே ஸ்பீக்கர் மறுபடி பாட ஆரம்பித்தது. கைதட்டி எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

பெய்-ரூ அசையாமல் நின்றாள். "உட்காருங்க!"

"இப்பதானே எழுந்தோம்! முட்டி என்ன வாடகைக்கா எடுத்தது?" என்றாள் சியூ-மான்.

"உட்காருன்னா உட்காரு!"

உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தது.

பெய்-ரூ சட்டென்று குனிந்து பார்த்தாள். உள்ளறையில் சாமி மேசைக்கு அடியில், தரையோடு தரையாக ரூட்டரின் பச்சை விளக்கு மினுங்கியது. வாசலோரம் குட்டை முக்காலியில் ஸ்பீக்கர். எழுந்து நின்றால் இரண்டுக்கும் நடுவே வரிசை வரிசையாக இடுப்புகள்.

"நீங்கதான் மறைக்கிறீங்க! ஆள் இல்லாதப்போ பாடுது, நீங்க வந்தா நிக்குது!"

பல் மருத்துவர் லின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே. தண்ணி அந்த அலையைக் குடிச்சிடும். எனக்கு இது தோணவே இல்லையே!"

"சியூ-மானே முக்கால்வாசி குடிச்சிருப்பா" என்று மீன்கடைப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"உயரத்துல வைக்கணும்னா சாமிக்கு மேல மட்டும் வெச்சிடாதே" என்றபடி க்வோ-சுவானே எழுந்து வந்தார். நீளமான கேபிள் போட்டு, ரூட்டரை மாடிப்படிக் கைப்பிடியின் உச்சியில் கட்டினார். ஸ்பீக்கர் செருப்பு அலமாரியின் மேலே ஏறியது.

"எழுந்திருங்க" என்றாள் பெய்-ரூ.

பாட்டு தொடங்கியது. கால் தூக்கினார்கள், சுழன்றார்கள். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. ஒருத்தி பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டாள், பின்னால் வந்தவள் அவள் மேல் மோதினாள். பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. கடைசிச் சரணம், கடைசித் தாளம், முடிந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிவில் எப்படி நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இதுவரை ஒருமுறையாவது அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்தானே!

"ரெண்டு கையும் மேல!" என்று கத்தினாள் பெய்-ரூ.

எல்லாக் கைகளும் மேலே போயின. எழுந்த கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். சியூ-மான் டீச்சரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கியேவிட்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க டீச்சர்!"

பெய்-ரூ கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். முழுசாகப் பாடியது.