மறந்து குடித்த தண்ணீர்

நோன்பு மாதம் பிறந்தால் சிந்தாமதார் ராவுத்தருக்கு வயிறு சுருங்கும், சத்தம் பெருகும் என்று பள்ளிவாசலில் கேலி பேசுவார்கள். ராத்திரித் தொழுகைக்கு வராமல் படுத்துக்கொண்டவன் யார், பகலில் ஒளிந்து பீடி இழுத்தவன் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கியவர், ஐம்பது தாண்டியும் ஒன்றைக்கூட விட்டதில்லை. குளிர்காய்ச்சலில் விடவில்லை, அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றைக்கும் விடவில்லை. அந்தப் பெருமை உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவருடைய கோளாறு.

இந்த வருஷம் அவருக்கே முடியவில்லை. சண்டைக் காலம். காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுத்துணி வேண்டும், அதற்கு நூல் வேண்டும் என்று இராஜபாளையத்து மில்லில் மெஷின்களுக்கு ஓய்வே கிடையாது. அவருக்கு கார்டிங் பகுதியில் வேலை. பஞ்சை மெஷினில் கொடுத்துச் சீவுகிற இடம். தூசி தலையிலும் புருவத்திலும் படிந்து, சாயங்காலம் வெளியே வரும்போது ஒவ்வொருவனும் கிழவனாகத்தான் வருவான். ரேஷன் அரிசிச் சோற்றை விடியுமுன்னே சஹருக்குச் சாப்பிட்டால் காலைச் சங்கு ஊதுவதற்குள் அது போன இடம் தெரியாது. அதற்குமேல் தூக்கமும் இல்லை. ராத்திரித் தொழுகை முடிந்து வந்து படுத்தால், கண் அசந்ததும் மனைவி ரசூல்பீவி எழுப்பிவிடுவாள்.

அன்றைக்கு எழுப்பியவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒருநா லீவு சொல்லுங்களேன். முகமே சரியில்ல," என்றாள்.

"நோன்பு தாங்காம ராவுத்தர் லீவு போட்டாருன்னு நாலு பேரு பேசணுமா? சோத்தை வையிடி."

அவள் வைத்தாள். மேலே பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது அவளுக்கு என்றைக்கோ தெரிந்த விஷயம்.

மில்லில் அவருக்கு இன்னொரு பாரமும் இருந்தது. அதன் பெயர் மைதீன்பிச்சை. அவரைவிடப் பெரியவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். கார்டிங்கில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினை நிறுத்தி, உருளைப் பல்லில் சிக்கிய பஞ்சைச் சுரண்டி எடுத்ததும் எல்லாரும் நேரே தண்ணீர்ப் பானைக்குத்தான் போவார்கள். தொண்டை அப்படி அடைத்துக்கொள்ளும். புத்தி சொல்ல வேண்டியதில்லை, கால் தானாகப் போகும். போன வருஷ நோன்பில் மைதீன்பிச்சையின் கால் அப்படிப் போய்விட்டது. குவளையை வாயில் வைத்துவிட்டார்.

"ஓய் மைதீனண்ணே! நோன்பு! நோன்பு!"

சிந்தாமதார் போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. மைதீன்பிச்சை வாயில் இருந்ததைத் துப்பினார். தாடியில் தண்ணீர் வழிய, சிரிக்கிறவர்கள் நடுவே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செத்த நேரம் கழித்து மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். பக்கத்து மெஷின்காரன் எலியேசர்தான் ஓடிவந்து அவர் வாயில் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்தான். நோன்பு போயிற்று. மெஷின் வேலையும் போயிற்று. இப்போது மைதீன்பிச்சை கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளுகிறார்.

கேள்விப்பட்ட பள்ளிவாசல் அசரத்து சிந்தாமதாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மறந்து குடிச்சா நோன்பு முறியாதுப்பா. அந்தத் தண்ணி அல்லா குடுக்கது. தெம்பா இருக்கவனுக்கு ஞாபகப்படுத்து. தளந்தவன் குடிச்சா நீ பாக்காத மாதிரி போயிரு."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே அசரத்து?" என்று எதிர்த்துக் கேட்டுவிட்டு வந்தார் சிந்தாமதார். கேட்டாரே தவிர, அன்று முதல் மைதீன்பிச்சையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம். அவர் சலாம் சொல்வார், இவர் பதில் சொல்வார். ஒரு வருஷமாக அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை பலமுறை நாக்கு வரைக்கும் வந்தது. பெருமை அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது.

லீவு போடாமல் வந்த அன்றைக்கு ஷெட்டில் அனல். ஆவணி மாதம் என்ற பேச்சே தவிர, மலைக்காற்று எட்டிப் பார்க்கவில்லை. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் சிந்தாமதார் மெஷினைச் சுத்தம் செய்து முடித்தார். காதில் ஒரே இரைச்சல். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அது பஞ்சா மயக்கமா என்றுகூடப் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. கால் நடந்தது. கை குவளையை முக்கியது. தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

குவளை விளிம்புக்கு மேலே அவர் கண் எதிரே இருந்ததைப் பார்த்தது. எலியேசர் நோன்பை ஞாபகப்படுத்த வாயைத் திறந்துகொண்டு நின்றான். அவன் மணிக்கட்டை மைதீன்பிச்சை இறுக்கிப் பிடித்திருந்தார். துடைப்பம் கீழே கிடந்தது. "சும்மா இருலே, குடிக்கட்டும்," என்று அவர் முணுமுணுத்தது இரைச்சலில் காதில் விழவில்லை, உதட்டசைவில் தெரிந்தது. பிறகு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் சிந்தாமதாருக்கு உறைத்தது. நோன்பு! வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. துப்பியிருக்கலாம். ஒரு நொடி வேலை. அவர் துப்பவில்லை. விழுங்கினார். அது போதாதென்று குவளையில் மிச்சம் இருந்ததையும் குடித்தார்.

பிறகு குவளையை வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். பொழுது சாயும்வரை அவர் வேறு ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனால் மைதீன்பிச்சை தன்னைத் தளர்ந்தவன் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று முதலில் ரோஷம் வந்தது. ரோஷம் அடங்கியதும் பயம் வந்தது. நினைவு வந்த பிறகும் குடித்தது மைதீன்பிச்சைக்குத் தெரியாது, அல்லாவுக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்ததும், ஐம்பதைத் தாண்டிய மனிதர் மெஷின் மறைவில் போய் ஒதுங்கிக்கொண்டார்.

சாயங்காலச் சங்கு ஊதியதும், "வீட்டுல சொல்லிரு எலியேசர், நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு, மைதீன்பிச்சைக்குப் பின்னாலேயே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. பாதி வழியில் அடுப்பு அவிந்தது. பஸ் நின்றது. ஆட்களெல்லாம் இறங்கினார்கள். டிரைவர் சாம்பலைக் கிளறி, புதுக் கரி போட்டு, துருத்தியைச் சுற்றத் தொடங்கினான்.

இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அதை நம்ப மாட்டார்கள். மலை மறைத்தால் பொழுது அடைந்ததாகாது, கிழக்கே இருட்டு ஏற வேண்டும். ஏறும்வரை இருவரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மைதீன்பிச்சை மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து இரண்டாகப் பிய்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கு. இந்தா தம்பி, நோன்பைத் தெற."

"தெறக்கதுக்கு என்கிட்ட நோன்பு இல்லண்ணே."

"மறந்து குடிச்சா நோன்பு போகாதுப்பா."

"மொத மடக்குதான் மறந்து குடிச்சது. எலியேசர் கையை நீங்க புடிச்சதைப் பாத்ததும் நெனப்பு வந்துட்டு. வாயில இருந்ததைத் துப்பல. அதுக்குப் பொறவும் குடிச்சேன். தெரிஞ்சேதான் குடிச்சேன்."

மைதீன்பிச்சை தன் பாதிப் பழத்தை வாயில் போட்டு மென்றார். கூடக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தார். அவசரமே இல்லை.

"நல்லா இருந்துச்சா?"

சிந்தாமதார் இதை எதிர்பார்க்கவில்லை. "இருந்துச்சு," என்றார். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போன வருசம் உங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? அல்லா குடுத்த தண்ணியை நான் துப்ப வச்சுட்டேனே. என்னை மன்னிச்சிருங்கண்ணே."

"அழாத. அழுதா தண்ணி செலவு." மைதீன்பிச்சை அவர் முதுகைத் தட்டினார். "அந்த நோன்பு ஒண்ணு இன்னும் பாக்கி கெடக்கு எனக்கு. ரெண்டு தரம் வச்சுப் பாத்தேன். முடியல. ஊரே திங்கையில ஒத்த ஆளா பட்டினி கெடக்கது எம்புட்டு அலுப்பு தெரியுமா?"

"தெரிஞ்சே முறிச்சதுக்கு எனக்கு அறுபது நாளு விடாமப் புடிக்கணும்னு அசரத்து சொல்லுவாரு."

"சொல்லட்டும். பெருநா கழியட்டும், மொத நாளு நானும் உன்கூடப் புடிக்கேன். என் கணக்கு தீந்துரும். மிச்ச நாளெல்லாம் வேலை விட்டதும் மில்லு வாசல்ல உன்கூட உக்காந்திருக்கேன். பொழுது அடையிற வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வேணும்லா?"

சிந்தாமதார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். உடம்பில் எங்கிருந்தோ பழைய தெம்பு வந்தது. "வெள்ளிக்கிழமை ஜும்மாவுல எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நிக்கப் போறேன். நான் செஞ்சதை நானே சொல்லப் போறேன். ஊரு பூராவும் தெரியட்டும்!"

மைதீன்பிச்சை அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அதையும் சத்தம் போட்டுத்தான் சொல்லணுமா?"

உள்ளே சம்மணம் போட்டிருந்த பெருமை இன்னும் எழுந்து போகவில்லை என்பது சிந்தாமதாருக்கே கேட்டது.

"நோன்பு இல்லாதவனும் பொழுது அடைஞ்சா திங்கலாம். புடி," என்றார் மைதீன்பிச்சை.

சிந்தாமதார் பாதிப் பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுப்பு பிடித்துக்கொண்டது, எல்லாரும் வந்து தள்ளுங்கள் என்று டிரைவர் கூப்பிட்டான். கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் எழுந்து, அண்ணனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார் சிந்தாமதார்.