நிழல் என்று குறித்த ஏரி

"மேசையை அப்புறம் நகர்த்தலாம் அத்தான். முதல்ல இந்த ஒயரை எல்லாம் கழட்டுங்க" என்றான் மச்சினன். வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றிருந்தது. அவர் மனைவியின் உடலை முன்னறையில் கிடத்த இடம் வேண்டியிருந்தது.

அவர் மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மேசையை ஒட்டி இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது. அவளுடையதில் நேற்று உரித்த பட்டாணியின் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் நெஞ்சு கனக்கிறது என்று எழுந்து போய்ப் படுத்தவள், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய், இன்று காலை இப்படித் திரும்பி வந்திருக்கிறாள்.

செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் பனிமலை ஏரிகளைத் தேடிப் பிடித்து, கரையைச் சுற்றிக் கோடு வரைவது அவர் வேலை. போன வருஷக் கோட்டோடு வைத்துப் பார்த்து, ஏரி பெருத்திருந்தால் மலையடிவாரத்துக்கு எச்சரிக்கை போகும். பனி உருகித் தேங்கிய தண்ணீருக்கு வெறும் கல்லும் மண்ணும்தான் கரை. உடைத்துக்கொண்டால் கீழே ஒன்றும் மிஞ்சாது. இத்தனைக்கும் அவர் எந்த மலையிலும் ஏறியவரில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலே அவருக்குத் தலை சுற்றும்.

அலுவலகத்தில் ஏரிகளுக்கு எண்கள்தான். வீட்டில் அவள் உறவுக்காரர்களின் பெயரை வைத்திருந்தாள். வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போய், இதோ உடையப் போகிறது என்று எல்லோரையும் பயமுறுத்திவிட்டு, ஒரு சொட்டுக்கூட வழியவிடாத பெரிய ஏரி அவருடைய அக்கா. திடீரென்று எங்கிருந்தோ முளைத்து, ஒரே வாரத்தில் தடம் தெரியாமல் வடிந்துபோகும் குட்டை அவளுடைய தம்பி. சொந்தத் தம்பி என்றும் பார்க்க மாட்டாள்.

"என் பேர்ல எது?" என்று அவர் கேட்பதுண்டு.

"இன்னும் அமையலை. தேடிட்டுத்தான் இருக்கேன்" என்பாள்.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். தெருமுனையிலேயே குரல் கேட்டது. உள்ளே வந்ததும் யார் தகவல் சொன்னது, தனக்கு ஏன் கடைசியாகச் சொன்னது, நாற்காலியை ஏன் வெயிலில் போட்டிருக்கிறது என்று ஒரு பிடி பிடித்தாள். அறையே நடுங்கியது. மச்சினன் மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினான்.

'ஏரி ரொம்பியாச்சு பார்' என்று சொல்வதற்காக அவர் பக்கத்தில் திரும்பினார். அவள் கண்களை மூடிப் படுத்திருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உண்மையில் விளங்கியது. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இதற்குச் சிரிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. இனிமேலும் இருக்கப்போவதில்லை. அக்காவைப் பற்றி அக்காவிடமா சொல்ல முடியும்? தனிமை என்பது இவ்வளவு அற்பமான இடத்தில் வந்து உட்காரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "ஏன்டா, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே உனக்கு? அழுதுடுடா. நெஞ்சை அடைச்சுக்கும்."

"வரலைக்கா."

"கல்லுளிமங்கன்" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "சின்ன வயசுலயே இப்படித்தான். அடிச்சாலும் அழமாட்டான், கொஞ்சினாலும் சிரிக்கமாட்டான்."

அழுகை வராதது அவருக்கே அவமானமாக இருந்தது. அவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் ஒன்று குறைகிறது என்று தோன்றியது. பழைய நாட்களை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தார். எல்லாம் தெளிவாக வந்தன, கண் மட்டும் காய்ந்தே கிடந்தது.

கைபேசி அதிர்ந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவள். பன்னிரண்டு வருஷமாக அவரோடு அதே படங்களைப் பார்ப்பவள். மாதம் இரண்டு தடவை வீட்டுக்கும் வருவாள்.

"சார், இன்னைக்குப் போய்க் கூப்பிடுறேனேன்னு எனக்கே நாக்கு எழலை. வேற வழி தெரியலை."

"சொல்லுங்க."

"வடக்குப் பள்ளத்தாக்குல மேகம் விலகியிருக்கு. கோடைக்காலத்துல இப்படித் தெளிவான படம் இத்தனை வருஷத்துல கிடைச்சதே இல்லை. அந்தச் செங்குத்துப் பாறைக்கு அடியில, நீங்க நிழல்னு குறிச்ச இடம் இருக்கே, அது இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. நேரா கீழ ரோடு போடுறவங்க கொட்டகை போட்டுத் தங்கியிருக்காங்க. நிழல்னா விட்டுடலாம். தண்ணின்னா இப்பவே சொல்லணும். நீங்க பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். "இந்த நேரத்துலயும் ஆபீஸா?" என்று அக்கா கேட்டது முதுகில் விழுந்தது.

படம் மெதுவாக இறங்கியது. அந்த இடத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரும் கறுப்பு, மலையின் நிழலும் கறுப்பு. இந்தத் தொழிலில் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். கோடையில் அங்கே மேகம் மூடிவிடும். குளிர்காலப் படங்களில் சூரியன் தாழ்ந்திருக்க, பாறையின் நிழல் நீண்டு விழுந்திருக்கும். நிழல்தான் என்று அவர் வருஷா வருஷம் எழுதி மூடிவிடுவார். அவள் மட்டும் பட்டாணியை உரித்துக்கொண்டே "எனக்கென்னவோ தண்ணின்னுதான் தோணுது" என்பாள். "உனக்கு எல்லாம் தோணும்" என்று அவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

இப்போது சூரியன் உச்சியில் இருந்தது. சுற்றியிருந்த பாறைகளின் நிழல் எல்லாம் காலடிக்குள் சுருங்கியிருந்தது. அது மட்டும் சுருங்கவில்லை. வளைந்த கரையோடு, முழுதாகக் கிடந்தது.

"தண்ணிதான்" என்றார். "இத்தனை வருஷமும் தண்ணிதான். கொட்டகையை உடனே மேட்டுக்கு மாத்தச் சொல்லுங்க. நான் கரையை வரைஞ்சு அனுப்புறேன்."

"சரி சார். இருங்க, அடுத்த போன்ல சொல்லிட்டு வந்துடுறேன்." சற்றுத் தள்ளி அவள் யாரிடமோ அவசரமாகப் பேசுவது கேட்டது. பிறகு திரும்பி வந்தாள். "சொல்லிட்டேன். இப்பவே ஆளுங்களைக் கிளப்புறாங்களாம்." வைத்துவிடாமல் தயங்கினாள். "உங்க வீட்ல அக்கா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க சார். போன வாரம்கூடக் கேட்டாங்க, 'இவரு எப்படி இருக்காரு, மேகம் விலகுச்சா'ன்னு."

"யாரு?"

"இந்த இடத்தைத்தான் சார். அக்கா இதை 'இவரு'ன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் திரையில் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கினார்.

"பார்க்கிறவங்க நிழல்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க, உள்ள தண்ணி நிக்குது, எனக்குத் தெரியும்னு சொல்லிச் சிரிப்பாங்க. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"இல்லை" என்றார். "வரைஞ்சு அனுப்புறேன்."

கரையோரமாக ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தார். முன்னறையில் யாரோ மயான வண்டி எப்போது வரும் என்று விசாரித்தார்கள். பாறையின் அடியைச் சுற்றி, தெற்குக் கரையைத் தாண்டி, கோடு ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசிப் புள்ளி முதல் புள்ளியைத் தொட்டால்தான் ஏரி ஏரியாகும்.

முதல் புள்ளியைக் காணவில்லை. படம் கலங்கியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். தெளியவில்லை.

தண்ணீர்த் தம்ளரோடு வந்த அக்கா கதவருகே நின்றுவிட்டாள். தம்ளரை ஓசைப்படாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் மறுபடியும் திரையைத் துடைத்தார்.