பரிவட்டத்துக்கு ஒரு படம்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில், அம்மன் கோயில் கொடை விழாவில் முதல் பரிவட்டம் யார் தலைக்கு என்று சோலைச்சாமிக்கும் அவர் பங்காளி கிருஷ்ணராஜுக்கும் தகராறு. போன கொடையில் அந்தத் துண்டுத் துணிக்காக மண்டை உடைந்தது. இந்தத் தடவை ஊர்க்கூட்டம் கறாராகச் சொல்லிவிட்டது: ஆதாரம் கொண்டு வருகிறவருக்குத்தான் பரிவட்டம்.

ஆதாரத்துக்கு எங்கே போவார் சோலைச்சாமி? பருத்தி போடலாம், உளுந்து போடலாம், ஆதாரம் விளையுமா? மதுரையில் பழைய சாமான் கடையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்துவிட்டது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழங்காலப் படம். தூண் மண்டபம், தொங்குகிற அணையா விளக்கு, வளைந்த கொம்பு ஊதுகிற ஒருவர். நடுவில் தாடிக்காரப் பெரியவர், தலையில் துணி போர்த்தி, கிரீடம் வைத்த சுருள் ஒன்றை ஏந்தி நிற்கிறார். சோலைச்சாமி கண்ணுக்குத் துணி பரிவட்டம், சுருள் ராஜா கொடுத்த பட்டயம், பெரியவர் சாட்சாத் தன் பூட்டன்.

மகள் பிரேமலதா படத்தின் அடியில் இருந்த இங்கிலீஷைப் படித்தாள்.

"அப்பா, இது யூதர்கள் சாமி கும்பிடுதது. கையில இருக்கது அவிய வேதம். தலையில கெடக்கது ஜெபத் துப்பட்டி. நம்ம பூட்டன் இங்கன எப்படி வந்தாரு?"

"எழுத்துதான இடைஞ்சல்?" என்று அந்த வரியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு மறுபடி சட்டம் போட்டார். ஒரு ஜனம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிவந்த சடங்கை நம் ஆள் ஒரே நறுக்கில் கரிசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஊர்க்கூட்டத்தில், படத்தில் இருப்பது நம்ம கோயில்தான், நடுவில் நிற்பது என் பூட்டன்தான் என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். கிருஷ்ணராஜ் முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரம் சோலைச்சாமி ராஜா.

அப்புறம் கருப்பசாமி படத்தை வாங்கிப் பார்த்தார். ஆடு மேய்க்கிறவர்; அவர் தெருக்காரர்களுக்குப் பரிவட்டம் கட்டியதே கிடையாது. கொடைக்குக் கிடாயை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

"அண்ணாச்சி, நடுவுல நிக்கது உங்க பூட்டன். சரி. சுத்தி நிக்க அம்புட்டுப் பேரு தலையிலயும்லா துணி கெடக்கு. அவிய யாரு?"

சோலைச்சாமி இழுத்தார். "ஊர்க்காரங்கதான்..."

"அப்போ எங்க தாத்தாமாருக்கும் கட்டியிருக்கு. அண்ணாச்சியே சத்தியம் பண்ணிட்டாவ."

படம் பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளங்கையில் சூடத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணியவனுக்கு எந்த ஊரில் பரிவட்டம் கட்டுவார்கள்? படம் அசல்தான் என்று முதல் ஆளாக ஒப்புக்கொண்டவர் கிருஷ்ணராஜ்.

கொடையன்று ஊரார் எல்லார் தலைக்கும் சேர்த்துத் துணி மூட்டையாக வந்து இறங்கியது. வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நின்றது. சோலைச்சாமி முறை வந்து, பூசாரி அவர் தலையில் துணியைக் கட்டினார். எத்தனை வருஷத்து ஆசை! மேளம் ஓங்கும், ஊர் திரும்பிப் பார்க்கும் என்று அப்படியே நின்றார்.

"கட்டியாச்சுல்லா அண்ணாச்சி, நகருங்க" என்றார் அடுத்து நின்ற கருப்பசாமி. "பின்னால ஆளு நிக்காவ."