நிறுத்த மறந்த பதிவு

பொருளாதாரப் பேராசிரியை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, பாடத்தை வீட்டிலிருந்தே வீடியோவாகப் பதிவுசெய்து அதில் ஏற்றலாம் என்ற யோசனை அவருடையதுதான். பிள்ளைகள் முதலிலேயே பார்த்துவிட்டு வந்தால் வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்கலாமே என்று ஆசைப்பட்டார். கல்லூரி முதல்வருக்கோ மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. வீடியோவைப் பார்த்தாலே வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு என்று அறிவித்துவிட்டார். அப்புறம் எந்தப் பிள்ளை மாடியேறி வரும்? நாலைந்து பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்கள்.

ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த மாணவி, "நேர்ல ஏன் மேடம் இவ்வளவு மெதுவா பேசறீங்க?" என்று கேட்டாள். வகுப்பே அவர் பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பேராசிரியை சிரித்துவைத்தார். ஆனால் மனதுக்குள் சுருக்கென்றது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவர் வாய்திறந்து பேசுவதே அந்தப் பதிவுக்காகத்தான். அதையும் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறார்களே என்றிருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் கணினி ஆய்வக உதவியாளர் படிக்கட்டில் வழிமறித்தார். முந்தைய நாள் ஏற்றிய வீடியோ வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறது, கடைசிப் பகுதியைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேராசிரியை ஆய்வகத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார்.

பணவீக்கப் பாடம் முடிகிறது. அவர் எழுந்து போகிறார். பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். காலி நாற்காலி தெரிகிறது, தட்டு கழுவும் சத்தம் கேட்கிறது. பிறகு திரும்பி வந்து மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கிறார். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி, பதிலுக்குக்கூடக் காத்திராமல் மகன் இணைப்பைத் துண்டித்துவிடுகிறான். திரையில் இருந்த பேராசிரியையோ அந்தப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

"சாப்பிட்டேன்பா. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். காலேஜ்ல பிள்ளைங்க என்னை விட்டாத்தானே? மேடம் மேடம்னு சுத்திச் சுத்தி வருதுங்க. சரி, உனக்கு வேலை இருக்கும், வச்சிடறேன்."

உடனே அந்த வீடியோவை நீக்கினார். என்ன பிரயோசனம், அதற்குள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பார்த்தாகிவிட்டது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தார். அந்த நாலைந்து பேர் காத்திருப்பார்களே என்ற ஒரே காரணத்துக்காக மாடியேறினார்.

வகுப்பு நிரம்பி வழிந்தது. கடைசி பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது. பரிதாபப்பட்டு வந்த கூட்டம்தானே இது?

"எல்லாரும் பாத்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

பேருந்தில் பார்த்த அந்த மாணவிதான் எழுந்தாள்.

"கடைசிப் பகுதிய மட்டும் நாங்க ஸ்பீடு வைக்காமதான் பாத்தோம், மேடம்."

பேராசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் விலையும் கூலியும் வட்டியும் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. பின்னாலிருந்து யாரோ, "மெதுவா சொல்லுங்க மேடம், அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்கள். சாக்பீஸ் பிடித்த கை ஒரு கணம் நின்றது. அதற்குப் பிறகு தன் வழக்கமான வேகத்திலேயே பாடம் நடத்தினார். மணி அடித்தும் இரண்டு பேர் சந்தேகம் கேட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

அன்று மாலை மகனிடம் சொல்வதற்கு உண்மையாகவே ஒரு விஷயம் இருந்தது. அவன்தான் போனை எடுக்கவில்லை.