நூல் கள்ளி

குப்பை வண்டியின் பின்தகட்டைப் பிடித்துக்கொண்டே தென்னரசு ஓடினான். லுங்கி காலைத் தடுக்கியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான்.

“செடி ஒண்ணு... காலையில போட்டேன். தொட்டியோட. கள்ளி.”

வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அன்புச்செல்வி, கையுறையோடு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“முள்ளு இல்லாம நூலு நூலா தொங்குமே, அதா?”

“ஆமாம்மா.”

“குப்பைன்னுதான போட்ட? நான் எடுத்துகினேன். எங்க ஊட்டு வாசல்ல மாட்டப் போறேன். போ போ, வேலைய பாரு.”

களம்பூரிலிருந்து வந்திருந்த அக்கா ஜெயம் ஆரம்பித்து வைத்தது இது. “நோவாளி தலைமாட்டுல கள்ளிய தொங்கவுட்டா நோவு எப்பிடிறா போவும்?” என்று முந்தின நாள் முழுக்கச் சொன்னாள். தென்னரசு நம்பவில்லை. ஆனால் மனைவி ஆதிலட்சுமிக்குக் கிட்னி இனித் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகு, யார் எது சொன்னாலும் செய்துபார்க்கிற இடத்துக்கு வந்திருந்தான். ஆதிலட்சுமி கண் மூடியிருந்த நேரம் பார்த்துத் தொட்டியை இறக்கினான்.

கண் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது வெறும் ஜன்னலைத்தான்.

“யோவ், செடி எங்க?”

“வெயில்ல வெச்சிகீறேன்.”

பொய்தான் சொன்னான், அதையும் தப்பாகச் சொல்லிவிட்டான். அவள் கட்டிலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

“வெயில்லயா? அது காட்டுல மரத்து மேல, நெழல்ல வளர்ற கள்ளிய்யா. கருகிப்பூடும். எத்தினி வாட்டி சொல்லிகீறேன். ஜல்தி உள்ள கொண்டா.”

தறியில் உட்கார முடியாமல் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஜன்னலும் அந்தச் செடியும்தான். மண் வைத்தால் வேர் அழுகிவிடும் என்று தேங்காய் நாரும் அடுப்புக்கரியும் போட்டு வளர்த்தாள். விரலால்தான் தண்ணீர் தெளிப்பாள். கை தூக்க முடியாமல் போனதும் அவன் தெளித்தான், அவள் கட்டிலில் இருந்து திட்டினாள். “மொண்டு ஊத்தாதய்யா. அது இன்னா நெல்லு நாத்தா?”

குப்பை வண்டியின் தகட்டைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவில்லை.

“பொஞ்சாதி கேக்கறா. படுத்துகினு கீறா. ரொம்ப மோசமா கீது.”

அன்புச்செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். “அப்புறம் எதுக்குய்யா கொண்டாந்து போட்ட?”

அவள் டிரைவர் பக்கம் போய்த் தொட்டியை எடுத்து வந்தாள். நூல்கள் முழங்கால் வரைக்கும் தொங்கின.

“அடிய தாங்கிப் புடி. கீழ வெக்காத, நசுங்கிடும். ஒரு துண்டு ஒடச்சிக்கட்டா?”

“எடுத்துக்கம்மா.”

ஒரு கணுவைக் கிள்ளிக்கொண்டாள். “போ, ஜல்தியா போய் காட்டு.”

ஜல்தியாகப் போக முடியவில்லை. ஓடினால் நூல் ஒடிந்து விழுந்தது. நின்றான். இரண்டு கையாலும் தொட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தான். எதிரே வந்த டிவிஎஸ் ஃபிப்டிக்காரன், “இன்னாண்ணா, சாமி தூக்கிகினு வர்றியா?” என்று கேட்டுவிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்ட் ரோட்டைக் கடக்க வண்டிகள் வழிவிடவில்லை. காத்திருந்தான். தோள் கடுத்தது. நிழலாகப் பார்த்துப் பார்த்து நடந்தான்.

தெருவுக்குள் திரும்பினான். தறிச் சத்தம் கேட்கவில்லை.

நல்ல நாளில்கூட மத்தியானம் வரைக்கும் ஓடுகிற தெரு. சாவு விழுந்தால்தான் பகலில் எல்லா வீட்டுத் தறியும் ஒன்றாக நிற்கும். தென்னரசு நடையை மாற்றவில்லை. அதே மாதிரி, ஒரு நூலும் ஒடியாமல் நடந்து வந்தான்.

ஜெயம் தலையை விரித்துப்போட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். “தம்பீ... நீ வந்துட்டியான்னு கேட்டுகினே...” தொட்டியைப் பார்த்ததும் வாய் நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

யாரோ நாற்காலி போட்டார்கள். அவன் உட்காரவில்லை. பக்கத்து வீட்டு சுப்பராயலு முதல் ஆளாக வந்தார். சாவு வீட்டுக்காரன் கையில் கைவைத்து துக்கம் விசாரிப்பதுதான் வழக்கம். இரண்டு கையையும் நீட்டினார்.

தென்னரசுக்குக் கை காலியாக இல்லை.

“அத்த கீழ வெய்டா,” என்றார் மெதுவாக.

“நசுங்கிடும்ணா.”

சுப்பராயலு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அப்புறம் அவன் முழங்கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.