மேனேஜருக்குத் தாய்மாமன்

பெரியோர்களே, தாய்மார்களே! கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று பந்தல்பட்டி பஸ் ஸ்டாப்பில் வெளியானது. பொன்னெழுத்து கைவசம் இல்லாததால் பிளக்ஸில் அடித்திருந்தார்கள். பத்தடிக்கு எட்டடி. அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒதுங்கி நின்றது.

'காதணி விழா அழைப்பு. எங்கள் அன்பு மகன் மேனேஜருக்கும் அவனது தம்பி தங்கையருக்கும் வருகிற ஞாயிறு காலை காதணி விழா. சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்துமாறு வேண்டுகிறோம். தாய்மாமன்: கொடை வள்ளல் பொன்னுராஜ்.'

வலப்பக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் பொன்னுராஜ் கும்பிட்டபடி நின்றார். இடப்பக்கம் மேனேஜர் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜர் ஒரு நாய். அதற்கு மூன்று கால்.

இந்த மகத்தான நிலைமைக்கு ஊர் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள, உமாதேவியின் கடைக்குப் போக வேண்டும்.

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிற பந்தல்பட்டியில் பிளக்ஸ் அடிக்கிற கடை அது ஒன்றுதான். பிறந்தநாள், பூப்பு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனுசன் வாழ்ந்ததற்கான அத்தாட்சியெல்லாம் அந்த மிஷினில்தான் வெளியே வரும். எந்தப் பெரிய மனிதருக்கு எத்தனை தாடை என்பது அவரவர் மனைவிக்கு அடுத்தபடி உமாதேவிக்குத்தான் தெரியும். கூடுதல் தாடைகளை அவள் கம்ப்யூட்டரில் இலவசமாக எடுத்துவிடுவாள்.

அவளிடம் அதிகமாகத் தாடை எடுத்துக்கொண்டவர் பொன்னுராஜ். திராட்சை, வாழை வியாபாரம். 'கொடை வள்ளல்' பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது, அவர் செய்த கொடைகளில் பெரியது. அதற்கு முன்பு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்விசிறி கொடுத்திருந்தார். இறக்கைகளில் அவர் பெயர். ஓடவிட்டால் பெயர் தெரியாது என்பதால், முக்கியஸ்தர்கள் வரும்போது விசிறியை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார். அவருடைய பிளக்ஸ்களில் பக்கத்திலேயே கம்பீரமாக நிற்பது அவர் வளர்க்கிற நாய் ராஜா. சுத்தமான கோம்பை இனம், செவலை உடம்பு, கருத்த மூஞ்சி. வருசம் தவறாமல் ஊசி, தினமும் அரைப்படிப் பால்.

மேனேஜருக்கும் கோம்பைக்கும் உள்ள ஒரே சம்பந்தம், கோம்பை ரோட்டில் வண்டி ஏறிக் கிடந்ததுதான்.

அன்று நல்ல மழை. உமாதேவி கடையைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள். நாய் என்றால் அவளுக்கு ஆகாது; தாண்டித்தான் போனாள். அது கத்தவில்லை, ஊளையிடவில்லை. அத்தனை வலியிலும் இவளைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது, வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்கிற மாதிரி. அந்த மரியாதைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. திரும்பிக் கடைக்கு ஓடினாள். கலர் மாறி அடித்ததால் முகமெல்லாம் நீலமாகிப்போன பொன்னுராஜின் பிறந்தநாள் பிளக்ஸ் மூலையில் கிடந்தது. அதில்தான் நாயைச் சுருட்டித் தூக்கினாள். பொன்னுராஜ் ஓர் உயிரைத் தாங்கிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

அவள் புருசன் விஜயகுமார், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறுகிற ஜீப் டிரைவர். "ஏ உமா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று திட்டிக்கொண்டேதான் ஜீப்பைத் தேனிக்கு விரட்டினான். அங்கே மாட்டு டாக்டர் கிறிஸ்டோபர் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிழைக்க வைத்தார்.

மிச்சம் நேராகக் கடைக்கு வந்து, கஸ்டமர் நாற்காலியில் ஏறிக்கொண்டது.

"வேலையும் பாக்காம, சேர்ல உக்காந்துக்கிட்டு வாரவன் போறவனையெல்லாம் மொறைக்குது பாரு. எங்க எஸ்டேட் மேனேஜரே தோத்துருவாரு" என்றான் விஜயகுமார். பேர் ஒட்டிக்கொண்டது. மலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பில் ஏறும்போதே, "மேனேஜர் சாப்பிட்டாகளா? ராத்திரி நல்லா ஒறங்குனாகளா?" என்று விசாரிப்பார்கள்.

உமாதேவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மேனேஜர் அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுப்பான். கால் மரத்துப்போனாலும் அவள் அசைக்க மாட்டாள். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அவளுக்குத் தெருவில் மற்ற நாய்களும் இருப்பது தெரியவந்தது. இத்தனை வருசம் அதே தெருவில்தான் நடந்திருக்கிறாள். கழுத்தில் கம்பி இறுகிய ஒன்று, சொறி பிடித்துத் தோல் உரிந்த ஒன்று, குட்டிகளோடு சாக்கடைக்குள் கிடந்த ஒன்று. கம்பியை வெட்டினாள், மருந்து தடவினாள், சோறு வைத்தாள். குட்டிகள் நனையாமலிருக்கப் பழைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்களைத் தெருமுனைகளில் கூரையாகக் கட்டினாள். இருந்தபோது யாருக்கும் நிழல் கொடுக்காத பலர், மறைந்த பிறகு நாய்க்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள்.

அப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஒருநாள் அந்தி நேரத்தில், வாய்க்கால் கரையில் போன் பேசிக்கொண்டு நின்ற வாழை வியாபாரி வைகுண்டராஜை ஒரு நாய் பின்னாலிருந்து கடித்துவிட்டது. கடித்த இடம் சபையில் காட்டக்கூடிய இடம் அல்ல.

"எந்த நாயின்னு பாத்தீகளா?"

"செவலையா ஒண்ணு ஓடுச்சு. பின்னாலயா எனக்குக் கண்ணு இருக்கு?"

ஊர்ச் சாவடியில் கூட்டம் கூடியது. வைகுண்டராஜ் வியாபாரத்தில் பொன்னுராஜுக்குப் போட்டி. இருந்தாலும் தலைமை தாங்க ஒரு சந்தர்ப்பம் வந்தால் பொன்னுராஜ் எதிரி என்றும் பார்க்க மாட்டார். "தெருநாயி அம்புட்டையும் புடிச்சு லாரில ஏத்தி, வருசநாட்டுக் காட்டுல கொண்டுபோய் விட்டுருவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

உமாதேவி எழுந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், எதிரே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பொன்னுராஜின் மனைவி மொக்கம்மாளைப் பார்த்தாள். மொக்கம்மாள் தரையைப் பார்த்தாள். உமாதேவி பேச்சை மாற்றிக்கொண்டாள்.

"அண்ணே, காட்டுல விட்டா பட்டினியிலயே செத்துரும். டாக்டர் வந்து ஊசி போட்டு, குட்டி போடாம ஆபரேஷனும் பண்ணித் தாரேன்றாரு. புண்ணு ஆறுற வரைக்கும் வச்சுப் பாக்க எடம்தான் வேணும். உங்க பழைய திராட்சை குடோன் சும்மாதான கெடக்கு?"

"நாயிக்கு ஆஸ்பத்திரியா? நல்லாருக்கே!"

"எம் புள்ளைக மாதிரிண்ணே."

"ஓம் புள்ளைன்னா நீ மடியில வச்சுக் கொஞ்சு. நான் என்ன அதுக்குத் தாய்மாமனா?"

சாவடியே சிரித்தது. திங்கட்கிழமை காலையில் லாரி வரும் என்று முடிவானது.

உமாதேவி வீட்டுக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டாள். இடம் கிடைக்கவில்லை என்று அழுதுவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்: "ஆபரேஷன் பண்ண நாயிக்கும் பண்ணாத நாயிக்கும் எப்படி சார் வித்தியாசம் தெரியும்?"

"மயக்கத்துல இருக்கும்போதே காது நுனியில சின்னதா வெட்டி அடையாளம் வச்சிருவோம்மா."

"காதுலயா சார்?"

அழுகை அத்தோடு நின்றது. கம்பம் பக்கத்து ஊர்களில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் என்று பிளக்ஸில் பேர் வந்த பிறகு, எவனாவது முடியாது என்று ஒதுங்கினால் அவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பொன்னுராஜோ தன் வாயாலேயே கேள்வி கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை.

விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் பதில் நின்றது.

பொன்னுராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏத்தா உமா, என்ன காரியம்த்தா பண்ணி வச்சிருக்க? நாயிக்கு நான் தாய்மாமனா?"

"நீங்கதானண்ணே சாவடியில கேட்டீக? யோசிச்சுப் பாத்தேன். எனக்குக் கூடப் பொறந்தவக யாரு இருக்கா? சின்னப் புள்ளையிலருந்து உங்களைத்தான அண்ணேன்னு கூப்புடுறேன்."

"நான் எகத்தாளத்துக்குக் கேட்டேன்த்தா!"

"எனக்கு அது தெரியலயேண்ணே. உங்க வாயில வந்தா ஊரே அப்படியே எடுத்துக்கிடுமே."

அவர் போன் அடித்தது. ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை. பஸ்ஸில் வந்தவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏண்ணே, காதுகுத்து வச்சிருக்கீக, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல? அந்தப் பையன் மேனேஜரா இருக்கானாம்ல! உத்தியோகத்துக்குப் போன பெறகா காது குத்துறீக?"

பொன்னுராஜ் போனை அணைத்தார். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துரு."

"சரிண்ணே. உங்க போட்டோவ மட்டும் மாத்திடுறேன். வைகுண்டராஜண்ணன் ஆசைப்படுறாக. கடிபட்ட நானே மாமனா நின்னா ஊரே மெச்சும்லன்னாக."

வைகுண்டராஜ் அந்த நேரம் வீட்டில் குப்புறப் படுத்திருந்தார். அவருக்கு இருந்த ஆசையெல்லாம் ஒருக்களித்துப் படுப்பது மட்டும்தான்.

"அவன் போட்டோவா? இதே எடத்துலயா?"

"இன்னும் கொஞ்சம் பெருசாக் கேட்டாக."

பொன்னுராஜ் வாசலுக்குப் போய், தூரத்தில் தெரிந்த தன்னையே பார்த்தார். காலை வெயிலில் பத்து வயது குறைந்து நின்றார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "அந்தத் தாடைய எப்படித்தா எடுத்த?"

வீட்டில் மொக்கம்மாள் மிச்சத்தை முடித்துவைத்தாள். "தாய்மாமன்னு போட்டாச்சு. இனி சீர் இல்லாம நின்னீகன்னா நம்ம வீட்டுக்குத்தான் கேவலம்" என்று சொல்லி, குடோன் சாவியை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நாயென்றாலே முகம் சுளிக்கிறவளுக்கு இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று பொன்னுராஜுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேளம் முன்னால் போக, பொன்னுராஜ் சீர்த்தட்டோடு வந்தார். தட்டுகளில் பிஸ்கட்டு, துண்டு, சாக்கு, மஞ்சத்தூள். ஏலத்தோட்டத்துக்கு லீவு நாள் என்பதால் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் தெரு நாயைக் கயிற்றிலோ இடுப்பிலோ கொண்டுவந்திருந்தாள். கிடா விருந்து என்று நம்பி வந்தவர்கள் சாம்பார் சாதத்தைப் பார்த்து முகம் தொங்கிப் போனார்கள்.

"நாயிக்குக் காதுகுத்துறோம்னு ஆட்டை வெட்டுனா நாயமா இருக்குமாண்ணே?" என்றாள் உமாதேவி. கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நாய் பிடிக்க இறங்கினார்கள். வைகுண்டராஜ்கூட வந்தார். உட்கார முடியாதவர் என்பதால் நாள் முழுக்க நின்று, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து மேனேஜரைத் துண்டில் சுற்றித் தாய்மாமன் மடியில் வைத்தார் டாக்டர். காதில் சின்ன வெட்டு. பொன்னுராஜ் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். போட்டோக்காரன் நாலைந்து எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். அப்போதுதான் மேனேஜரின் உடம்பு மொத்தமாகத் தளர்ந்து, முழுப் பாரமும் அவர் கையில் இறங்கியது.

"ஏத்தா, மூச்சு விடுறானா?"

"விடுறாண்ணே. கைய மட்டும் எடுத்துறாதீக. குளுருல நடுங்குறான்."

அவர் எடுக்கவில்லை. மேளக்காரர்கள் போனார்கள், பந்தி முடிந்தது. மயக்கத்தில் மேனேஜர் ஒன்றுக்குப் போய் வெள்ளை வேட்டி நனைந்தது. அவர் அசையவில்லை. மேனேஜர் கண்ணைத் திறந்து வாலை ஒரு தடவை ஆட்டியபோது, பொன்னுராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உமாதேவி பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். இந்த இடத்தில் நக்கலாக ஒரு வரி எழுதலாம் என்று எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஏற்ற நாயில்லை. உமாதேவி அதைத் தேவாரத்துக்கு அனுப்பி, குடோனுக்கு வைக்கோல் ஏற்றி வரச் சொன்னாள்.

இப்போது குடோன் முழு நேர நாய் ஆஸ்பத்திரி. மலைப்பாதையில் அடிபட்டுக் கிடக்கிற நாய்களை ஜீப்காரர்கள் கேட்காமலே கொண்டுவந்து இறக்குகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் நாய்களுக்குக் காதணி விழா. தாய்மாமனாக நிற்கப் போட்டி. உமாதேவி கடையைப் பாதி நாள்தான் திறக்கிறாள். பொன்னுராஜ் தினமும் விடிகாலையில் வந்து கூண்டு கழுவுகிறார். அதற்கு அவர் பிளக்ஸ் எதுவும் அடிக்கச் சொல்லவில்லை.

போன மாதம் ஆண்டு விழா. பொன்னுராஜ் மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் மேனேஜர்.

"அன்னைக்கு அந்த ஒரு கடி மட்டும் விழலேன்னா, இந்தத் தர்ம ஸ்தாபனமே கெடையாது. வைகுண்டராஜைக் கடிச்ச அந்தப் பேர் தெரியாத தெருநாயி எங்கன இருந்தாலும், இந்த மேடையிலருந்து அதைக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்று தழுதழுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் உமாதேவியும் மொக்கம்மாளும் ஒருவரையொருவர் பார்க்காமல் கைதட்டினார்கள்.

கடித்தது பொன்னுராஜ் வீட்டு ராஜா. அறுந்த சங்கிலியோடும் வாயில் வேட்டிக் கிழிசலோடும் ஓடிவந்த அதைப் பிடித்து, அன்றைக்கே மொக்கம்மாளிடம் ஒப்படைத்தவள் உமாதேவி.